மயில்பீலி சூடிய செயலி

ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளின் கைபேசியில் குடியிருக்கிறதே மருத்துவச் செயலி, அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதற்குக் கோபமே வராது. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்லாது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து விடுதிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, நள்ளிரவு தாண்டிப் படுக்கும் பெண்ணுக்காக விழித்திருக்கும். "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்று அதட்டாது.

வேலை நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாத பண்பும் அதற்கு உண்டு. பல மின்னணு ஆலைகளில் கைபேசியை உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். தலை சுற்றினாலும் அடிவயிறு இழுத்துப் பிடித்தாலும் ஷிஃப்ட் முடியும்வரை செயலி ஒரு கீறலும் படாமல் பத்திரமாக இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவையார் பாராட்டியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் வைத்துப் பேணிய ஆயுதங்கள் அவனுடையவை. அவரைத் தூது அனுப்பிய அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தவை. அந்தப் பாராட்டில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இந்தச் செயலியின் பளபளப்பைப் பற்றி நான் சொல்வதும் பொய்யில்லை. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டு மருந்தகத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை நைந்து போயிருந்தால், அது எத்தனை கைகளைச் சுற்றியிருக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

செயலி தரும் ஆலோசனையோ குறை சொல்ல முடியாதது. லைனில் நின்று வேலை செய்யும் பெண்களுக்கு அடிக்கடி வரும் தொல்லைகளில் ஒன்று சிறுநீர்த் தொற்று. காரணம் எளிது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். ரிலீவர் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்குவதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் தேங்கத் தேங்கக் கிருமி பெருகுகிறது. செயலியைக் கேட்டால் நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே, தொடர்ந்து நிற்காதே, நன்றாகத் தூங்கு என்கிறது. மருத்துவப் புத்தகமும் அதைத்தான் சொல்லும். வாராவாரம் ஷிஃப்ட் மாறினாலும் தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அது அவளை நம்பியே ஒப்படைக்கிறது. லைனின் டார்கெட்டைப் பற்றியோ, எத்தனை பேருக்கு ஒரு ரிலீவர் என்பதைப் பற்றியோ வாய் திறப்பதில்லை. தன் வேலை எது என்று அவ்வளவு தெளிவாக அறிந்த ஆலோசகரை எந்த நிர்வாகமும் விரும்பத்தான் செய்யும்.

பயனர் மனநிறைவு எதனால் வருகிறது என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். பயன்படும் என்ற எண்ணமும் கையாள எளிது என்ற எண்ணமும் இருந்தால் மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்றார் ஃப்ரெட் டேவிஸ், 1989இல். டெலோனும் மெக்லீனும் 1992இல் தந்த மாதிரியில் மனநிறைவுக்குக் காரணங்களாக அமைப்பின் தரத்தையும் தகவலின் தரத்தையும் வைத்தார்கள். 2003இல் சேவையின் தரத்தையும் சேர்த்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஏ. பரசுராமன் தன் இரு சகாக்களோடு 1988இல் வெளியிட்ட அளவுகோல்தான் நம் ஊருக்கு நெருக்கமானது: எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை அது அளக்கிறது.

அந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழி உண்டு. கிடைப்பதைக் கூட்டலாம், எதிர்பார்ப்பு குறைவாக இருக்கும் இடத்துக்கு வந்து சேரலாம். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளத்தோடு வருகைக்கான ஊக்கத்தொகையும் போகும் என்று பயந்து காய்ச்சலோடு பஸ் ஏறும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு, மூன்று நிமிடம் ஒரு டாக்டரின் முகம் திரையில் தெரிந்தாலே ஐந்து நட்சத்திரம் கொடுக்கத் தோன்றும். செயலியும் சமயம் பார்த்துத்தான் கேட்கிறது. அழைப்பு முடிந்ததுமே கேட்டுவிடுகிறது, மருந்து வாங்கும் முன்னால், காய்ச்சல் இறங்கும் முன்னால்.

2021 டிசம்பரை இந்த வட்டாரம் மறக்காது. ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, 250க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். "அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு?" என்ற ஒரே கேள்விக்கு நம்பும்படி யாரும் பதில் சொல்லாததால், செத்துவிட்டார்கள் என்ற வதந்தி கைபேசிக்குக் கைபேசி தாவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. அதற்கு முன்பே, 2020 மே மாதம், அலுவலக ஊழியர் அனைவருக்கும் கோவிட் தொடர்பறியும் ஆரோக்கிய சேது செயலியைக் கட்டாயமாக்கி மத்திய அரசு உத்தரவு போட்டிருந்தது. யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று புளூடூத்தில் அறியும் திறமை கைபேசிக்கு அப்போதே வந்துவிட்டது. பக்கத்துப் பாயில் படுத்தவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேட்பதற்கான பொத்தானை மட்டும் நான் எந்தச் செயலியிலும் பார்த்ததில்லை.

ஞாபகசக்தியிலும் மருத்துவச் செயலியை மிஞ்ச ஆளில்லை. மாதவிலக்குத் தேதி, தள்ளிப்போன நாள், கேட்ட மாத்திரை, எதையும் மறக்காது. ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ஃபாக்ஸ்கானைப் பற்றி 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியைப் படித்த பெண், தன் தள்ளிப்போன நாளைக் கம்பெனி கொடுத்த செயலியில் பதியும் முன் ஒருமுறை யோசிப்பாள். ஆங்கிலத்தில் நீளும் ஒப்புதல் பத்திரத்தின் அடியில் 'சம்மதம்' என்ற ஒரு கட்டம் அவளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறது.

செயலியின் அடக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். நோய்வாய்ப்பட்டால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். தனியார் செயலியின் டாக்டர் 'மூன்று நாள் ஓய்வு' என்று எழுதித் தருவார். அந்த மூன்று நாள் கூலியைப் பற்றிப் பேசும் அதிகாரத்தைச் செயலி ஒருபோதும் கோரியதில்லை. ஓய்வெடுக்க வேண்டியவள் மருந்தக வரிசையில் போய் நிற்கிறாள்.

இதே தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ஆட்கள் ஆலைக்குள்ளேயே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரமே ஒரு வளாகத்துக்குள் தூங்கி எழும்போது, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அங்கே ஒரு டாக்டரும் நர்ஸும் உட்காருவது பெரிய காரியமில்லை. அவர்கள் தரும் சான்றிதழ் இ.எஸ்.ஐ.யில் செல்லும்படி செய்வதும் அரசால் முடியும்.

நட்சத்திரம் கேட்பதில் செயலிக்கு இருக்கும் சுறுசுறுப்பு வீணாகவும் வேண்டாம். ஏழு நாள் கழித்து அதே பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: மருந்து கிடைத்ததா? லீவு கிடைத்ததா? சம்பளம் பிடித்தார்களா? பெயர்களை விட்டுவிட்டு, விடைகளின் எண்ணிக்கையை மட்டும் மாதாமாதம் ஆலை வாசலில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டட்டும்.