பேசினால் குற்றம், பேசாவிட்டால் மதிப்பெண் போச்சு

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் பிளஸ் டூ படித்தபோது வகுப்பில் பேசுவது குற்றம். சார் வெளியே போனதும் லீடர் கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று எழுதிக் கோடு போட்டுவிடுவான். மறுபடி வாய் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. வேதியியல் வகுப்பில் நடந்த ஒரே உரையாடல் இதுதான்: “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்.”

உண்மையில் புரிந்தது எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில். அடுப்பில் அலுமினியப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று எவனோ கேட்டுவைத்தான்.

“ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தண்ணி பிரியுதுல்ல?”

“அப்படின்னா கீழ அடுப்பு எரியுதே, இந்நேரம் மாஸ்டரும் கடையும் ஒண்ணா மேல போயிருக்கணுமேடா!”

“சரி, காத்து.”

“கரைஞ்சிருந்த காத்தெல்லாம் முதல்லயே சின்னச் சின்ன குமிழா போயிடும். வத்துற வரைக்கும் குமிழ் வருதே, அவ்வளவு காத்து எங்க இருந்துச்சு?”

கடைசியில் மிஞ்சியது நீராவி. மூலக்கூறு உடையவில்லை, ஒன்றை விட்டு ஒன்று விலகுகிறது, அவ்வளவுதான். மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு வேறு, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பு வேறு என்று புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்தது அன்றுதான் மண்டையில் ஏறியது. “டீ குடிச்சா பெஞ்சைக் காலி பண்ணுங்கப்பா” என்று மாஸ்டர் விரட்டியதோடு கூட்டம் கலைந்தது.

இப்போது நான் வேதியியல் ஆசிரியர். பேசுவது பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. குழு விவாதத்தின் சிறப்பு பற்றி ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஒருவரே காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை பேசினார். நாங்கள் வாயே திறக்காமல் குறிப்பெடுத்தோம்.

பள்ளிக்குத் திரும்பி வந்து பிள்ளைகளைக் குழுக்களாக உட்கார வைத்தேன். “சமநிலை வந்த பிறகு வினை நின்றுவிடுமா?” என்பது கேள்வி. ஒவ்வொரு குழுவிலும் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளை எழுதியது, மற்றவர்கள் எட்டிப் பார்த்து எழுதினார்கள். விவாதம் இனிதே நிறைவுற்றது. பங்கேற்புக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண். ஒரு குழுவில் முதல் ரேங்க்கே “நின்றுவிடும்” என்று எழுதியிருந்ததால், தவறு மட்டும் ஒருமனதாக நிறைவேறியிருந்தது.

இப்படி எட்டிப் பார்த்து எழுதுவதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொருவரும் முதலில் தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரை வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அதன் பிறகு மறுபடி விடை. வேதியியல் வகுப்புகளும் இதை எடுத்துக்கொண்டன. சூட்சுமம் அந்த முதல் படியில் இருக்கிறது. தனக்கென்று ஒரு விடை இருப்பவனுக்குத்தான் விட்டுக்கொடுக்க மனம் வராது. டீக்கடையில் எங்களுக்கு அந்தப் பிடிவாதம் இலவசமாகக் கிடைத்தது.

அடுத்த வாரம் அதே கேள்வியை அந்த முறையில் கொடுத்தேன். ஆளுக்கொரு சீட்டு, பெயர் வேண்டாம், முதலில் தனி விடை. கடைசி பெஞ்ச் பையன் எழுந்தான். “நின்னுடுச்சுன்னா, அதுக்கப்புறம் சூடு ஏத்தினா ஏன் மாறுது? நின்ன பஸ்ஸா திரும்பிப் போகுது?” முதல் ரேங்க் பெண் விடவில்லை. “அப்ப செறிவு ஏன் மாறாம இருக்கு?” “போற வேகமும் வர்ற வேகமும் ஒண்ணா இருக்கு, அதான்!” நான் சொல்ல வேண்டிய இயங்குச் சமநிலையை அவனே சொல்லிவிட்டான். பத்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், மேசை தட்டினார்கள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்றார். “என்ன சார் இது?”

“குழு விவாதம் சார்.”

“நல்ல விஷயம்தான், தாராளமா நடத்துங்க. ஆனா சத்தமில்லாம நடத்துங்க.”