நாற்காலி எடுத்துப் போட்டவன் எழுதுவது

பெறுநர்:
கதைப் பிரிவு மேலாளர்,
ஒரு கல்வி அறக்கட்டளை,
பெங்களூரு.

பொருள்: எங்கள் பிள்ளையை அட்டைப்படம் ஆக்கியதற்கு நன்றி தெரிவித்தல் சார்பாக.

ஐயா,

உங்கள் அறக்கட்டளையின் பெயரை மேலே எழுதவில்லை, மன்னிக்கவும். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்காமல் ஒருவர் பெயரை ஊரறியச் செய்வது எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் வழக்கமில்லை.

உங்கள் குழு கோலார் தங்கவயலின் நந்திதுர்க் வந்த அன்று நாற்காலி எடுத்துப் போட்டவன் நான். எதிர்வீட்டுப் பெண்ணைப் படம் எடுத்தீர்கள். செருப்பைக் கழற்றச் சொன்னீர்கள். டிவியைத் துணி போட்டு மூடினீர்கள். தண்ணீர்க் குடத்தை மட்டும் முன்னால் இழுத்து வைத்தீர்கள். "சிரிக்காதம்மா" என்றார் கேமராக்காரர். அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு, படத்தில் சோகமாகவே விழுந்திருக்கிறது. தொழில் சுத்தம்!

ஆண்டறிக்கை வந்தது. "சுரங்கத்துக்குத் தந்தையைப் பறிகொடுத்த சிறுமி" என்று போட்டிருந்தீர்கள். சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரி 28-ல். அவளுக்கு இப்போதுதான் வயது 16. அவள் அப்பா அன்றும் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்து, பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பினார். தன் சாவுச் செய்தியைச் சோறு தின்றுகொண்டே கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பாறைத் தூசி நுரையீரலில் உறைந்து செத்தவர் அவள் தாத்தா. அது நிஜம்தான். ஆனால் தாத்தா செத்தால் நன்கொடை குறைவு போலும்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலம். அவள் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். ஆகவே ஆயாவின் கைரேகை போதும் என்றீர்கள். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக் காலத்தில், 1930-ல், கைரேகைப் பதிவு கூடாது என்று வேலைநிறுத்தம் செய்த ஊர் ஐயா இது. நீங்கள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் காரியத்தை முடித்துவிட்டீர்கள்.

அந்தக் காலத்தில் சுரங்க ஷாஃப்டிலிருந்து மேலே வரும் தொழிலாளியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். குன்றிமணித் தங்கம்கூடத் தப்பக் கூடாது. கதையோடு போன உங்கள் காரை மட்டும் யாரும் சோதனை போடவில்லை. எங்கள் தவறுதான்.

அட்டைப்படம் பள்ளி வாட்ஸப்புக்குப் போனது. அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. இரண்டு வாரமாக அவள் பள்ளிக்குப் போகவில்லை. அறிக்கையின் தலைப்பு: "பள்ளிக்குத் திரும்பும் பாதை".

குற்றத்தில் சிக்கிய, குற்றத்தால் பாதிக்கப்பட்ட, சாட்சியான, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரின் பெயர், பள்ளி, படம் எதுவும் செய்தியில் வரக் கூடாது என்கிறது 2015-ன் சிறார் நீதிச் சட்டம், 74-ம் பிரிவு. அந்த மறைப்பைப் பெற, எங்கள் பிள்ளைகள் முதலில் அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமா?

உங்கள் உதவித்தொகை எங்களுக்கு வேண்டும். அதனால் பணிவோடு கேட்கிறேன். படிவத்தைத் தமிழிலோ கன்னடத்திலோ கொடுங்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவளிடம் படித்துக் காட்டுங்கள். "வேண்டாம்" என்றாலும் பணம் நிற்காது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு மனசு மாறினால் படத்தை எடுத்துவிடுங்கள்.

முடியாத காரியம் இல்லை. இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பட்டப்பெயர் இருந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
நாற்காலி எடுத்துப் போட்டவன்,
நந்திதுர்க், கோலார் தங்கவயல்.