முக்கால் திரை

டிவிக்கென்றே எடுக்கப்பட்ட திகில் படம் 1960களின் நடுவில் அமெரிக்காவில் பிறந்த சரக்கு. அதுவரை அந்நாட்டு டிவி நிறுவனங்கள் ஹாலிவுட்டின் பழைய தியேட்டர் படங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தன. வாடகை ஏறிக்கொண்டே போயிற்று, நல்ல படங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. என்பிசி நிறுவனமும் யுனிவர்சல் ஸ்டூடியோவும் கைகோத்து, நேரே டிவிக்கே படம் எடுக்கத் தொடங்கின. 1964 அக்டோபரில் ஒளிபரப்பான ‘சீ ஹவ் தே ரன்’ இவ்வகையில் முதல் படம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டியது டான் சீகல் இயக்கிய ‘தி கில்லர்ஸ்’. வன்முறை மிகுதி என்று என்பிசி கையை விரித்துவிட்டதால் அது தியேட்டருக்குப் போயிற்று. அதில் வில்லனாக வந்து கதாநாயகியைக் கன்னத்தில் அறைபவர் ரொனால்ட் ரீகன். அதுவே அவருடைய கடைசித் திரைப்படம். அதன்பின் அவர் அரசியலுக்குப் போனார். அறையும் அளவுக்கு அவருக்கு அங்கே வாய்ப்புகள் இருந்தன.

இந்தச் சரக்கை வாரச் சந்தையாக்கியது ஏபிசி. 1969 செப்டம்பரில் ‘மூவி ஆஃப் தி வீக்’ என்ற பெயரில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு புதுப் படம் போட ஆரம்பித்தார்கள். அதன் முகப்புக் காட்சியை வடிவமைத்தவர், ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யின் ஒளி ஜாலங்களில் பங்கேற்ற டக்ளஸ் டிரம்புல். பின்னணி இசை பர்ட் பேக்கராக்கின் மெட்டு. முகப்பு மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருந்தாலும் நஷ்டமில்லை என்ற வாரங்கள் உண்டு. ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றரை மணி. விளம்பரம் போக மிச்சம் சுமார் 74 நிமிடம். அதற்குள் ஒரு பெண் தனி வீட்டுக்குக் குடிவர வேண்டும், வீட்டில் ஏதோ இருக்க வேண்டும், கணவன் நம்ப மறுக்க வேண்டும், டெலிபோன் வேலை செய்யக் கூடாது. கதாசிரியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அதனாலேயே இப்படங்களில் கதாபாத்திரங்களுக்குச் சிறுவயதுச் சோகம் கிடையாது. இப்போதைய பத்து எபிசோடு தொடர்களைப் பார்த்து முடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை பார்த்து மறப்பதற்காக எடுக்கப்பட்டவை. ஆனாலும் மறக்க முடியாதவை சில நின்றுவிட்டன. 1971 நவம்பரில் வந்த ‘டூயல்’ படத்தை இயக்கியபோது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு 24 வயது. காரில் போகும் ஒருவனைத் துருப்பிடித்த டேங்கர் லாரி துரத்துகிறது. லாரி டிரைவரின் முகம் கடைசி வரை தெரியாது. மொத்தக் கதையும் அவ்வளவுதான், அதற்கு மேல் தேவையும் இல்லை. கதை, திரைக்கதை இரண்டும் ரிச்சர்ட் மேத்திசன். அவரே திரைக்கதை எழுதிய ‘தி நைட் ஸ்டாக்கர்’ 1972 ஜனவரியில் வந்தது. லாஸ் வேகாஸில் ரத்தக்காட்டேரி திரிவதை ஒரு கசங்கிய கோட்டு நிருபர் மட்டும் கண்டுபிடிக்கிறார். போலீஸ் நம்பவில்லை, ஆசிரியர் நம்பவில்லை, ஆனால் அமெரிக்காவில் அதுவரை எந்த டிவி படத்துக்கும் சேராத கூட்டம் உட்கார்ந்து பார்த்தது. 1975இல் வந்த ‘டிரிலஜி ஆஃப் டெரர்’ மூன்று கதைகளின் தொகுப்பு. முதல் இரண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்றாவதில் கேரன் பிளாக்கை ஒரு சாண் பொம்மை கத்தியோடு வீடு முழுக்கத் துரத்துகிறது. சின்ன வயதில் இதைப் பார்த்த ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் படுப்பதில்லை என்று இன்றும் சொல்லித் திரிகிறார்கள். ஜான் கார்பென்டரும் இந்த வழியாக வந்தவரே. அவருடைய ‘சம்ஒன்ஸ் வாச்சிங் மீ!’ 1978இல் என்பிசியில் வந்தது.

இப்படங்கள் இப்போது ப்ளூ-ரே, 4கே வட்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. இவ்வளவு செலவு செய்து அப்படி விற்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். அதற்கு உரிய இடத்தில் விடை தரப்படும்.

புதுப்பிக்க முடிகிறது என்பதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடலாம். டிவி படம் என்றாலும் அவை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. தியேட்டர் படத்துக்குப் பயன்பட்ட அதே கேமரா, அதே நெகடிவ். அந்த நெகடிவில் பதிந்திருந்த விவரத்தில் சிறு பங்குதான் அன்றைய டிவியில் வந்து சேர்ந்தது. அமெரிக்க டிவியின் 525 வரிகளில் படத்துக்குப் பயன்பட்டவை ஏறத்தாழ 480. மாடியில் ஆன்டெனாவைத் திருப்பினால்தான் அதுவும் வரும். எனவே நெகடிவ் பத்திரமாக இருந்தால், இன்று அதை ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் நீக்கி, நிறத்தைச் சரிசெய்தால், 1972இல் ஒளிபரப்பிய நிலையத்தின் இன்ஜினியர்கூடப் பார்த்திராத துல்லியத்தில் படம் கிடைக்கிறது. ‘தி நைட் ஸ்டாக்கர்’ 2018இல் கினோ லார்பர் நிறுவனம் வெளியிட்ட வட்டில் இப்படித்தான் புதுப்பொலிவு பெற்றது.

துல்லியம் வந்ததால் வந்த சங்கடங்களும் உண்டு. ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் இடங்கள் அந்நாளில் லேபில் மறுபடி பிரதி எடுத்துச் செய்யப்பட்டவை. அந்தச் சில நொடிகள் மட்டும் படம் திடீரென்று சொரசொரப்பாகி, மறுபடி தெளிவாகிறது. பட்டப்பகலில் எடுத்து இருட்டாக்கிய இரவுக் காட்சிகளில் மரத்தடி நிழல் கூர்மையாக விழுகிறது. மாடியிலிருந்து உருளும் கதாநாயகி உருளத் தொடங்கியதும் அகலமான தோளுள்ள ஓர் ஆணாக மாறிவிடுவது இப்போது பளிச்சென்று தெரிகிறது. பனிமூட்டம் போல இருந்த பழைய டிவி பல குடும்பங்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

விளம்பர இடைவேளைகளும் ஃபிலிமோடு ஒட்டிப்பிறந்தவை. சுமார் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வீறிட வேண்டும், திரை கறுக்க வேண்டும். அப்போதுதான் சோப்பு விளம்பரம் முடியும்வரை ஜனங்கள் வேறு சேனலுக்குப் போகாமல் இருப்பார்கள். வட்டில் சோப்பு இல்லை, வீறிடல் மட்டும் இருக்கிறது. திரை கறுத்து, உடனே வெளுத்து, சற்றுமுன் வீறிட்டவர் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

அவசியம் பற்றிய கேள்விக்குப் போகுமுன் படத்தின் வடிவத்தைப் பற்றித் தெளிவுபடுத்தியாக வேண்டும். அன்றைய டிவி பெட்டி கிட்டத்தட்டச் சதுரம். அகலம் நான்கென்றால் உயரம் மூன்று. இன்றைய டிவி அகலம் பதினாறு, உயரம் ஒன்பது. பழைய படத்தைப் புதிய டிவியில் முழு உயரத்துக்குப் போட்டால் அகலத்தில் முக்கால் பங்கை மட்டுமே அது நிரப்பும். மீதிக் கால் பங்கு இடதும் வலதும் கறுப்புப் பட்டையாக நிற்கும். 4கே திரையின் 3840 புள்ளி அகலத்தில் படத்துக்கு 2880, பட்டைகளுக்குப் பக்கத்துக்கு 480. இது கோளாறு அல்ல. படம் எடுத்தவர் எவ்வளவு காட்ட நினைத்தாரோ அவ்வளவும் அதில் இருக்கிறது.

இதை ஏற்காதவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. இந்தக் கட்டுரைக்குக் காரணமான வீட்டில் அவர் மைத்துனர். கடல் கடந்து வந்த வட்டை உறை பிரித்துப் போட்டு, விளக்கை அணைத்து, பத்து நிமிடம் ஆகியிருக்காது. “மாமா, டிவி ரிப்பேரா? ரெண்டு பக்கமும் படம் வரலையே” என்று கேட்டார். பழைய படம், அப்படித்தான் இருக்கும் என்று விளக்கப்பட்டது. “அவ்வளவு காசு குடுத்து அம்பத்தஞ்சு இன்ச் வாங்கிட்டு முக்கால் டிவியில படம் பாக்கறீங்களே” என்று வருத்தப்பட்டவர், ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். திரை நிறைந்தது. நிறையாத டிவியை நிரப்புவது தர்மம் என்று நினைப்பவரிடம் என்ன பேசுவது?

நிரப்புவதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டும் பாவம். முதலாவது இழுப்பது. பக்கவாட்டில் இழுத்தால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். ஒல்லியான நிருபருக்குத் தொப்பை வரும். சக்கரங்கள் முட்டையாகும், ‘டூயல்’ போல சக்கரத்தை நம்பியே ஓடும் படத்துக்கு இதனால் என்ன கதி என்று யோசிக்கலாம். நிலவும் தட்டையாகும். நம்மூர் சேனல்களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இப்படி இழுத்தே ஓட்டி, ஒரு தலைமுறையே அந்தக் கால நட்சத்திரங்கள் எல்லாம் குள்ளமாக, குண்டாக இருந்தார்கள் என்று நம்பி வளர்ந்துவிட்டது. இரண்டாவது வழி பெரிதாக்குவது. இதில் யாரும் குண்டாவதில்லை, ஆனால் படத்தின் உயரத்தில் கால் பங்கு மேலும் கீழுமாக வெட்டுப்படும். நெற்றி போகும். நெற்றி இல்லாத ஒருவர் பயந்த கண்களோடு எதையோ பார்ப்பார். அவர் பார்ப்பது தரையோரமாக வரும் ஒரு சாண் பொம்மையாக இருந்தால் அதுவும் வெட்டுப்பட்டிருக்கும். ஆக, திரை நிறைய ஒரு பெண் காரணமே இல்லாமல் அலறுவாள். மைத்துனர் “இப்பதான் நல்லா இருக்கு” என்பார். தலை போனது பரவாயில்லையா என்று கேட்டால், “முகம் தெரியுதுல்ல?” என்பார். பட்டையை அகற்றியதில் அவருக்குக் கிடைக்கும் நிறைவு, வாங்கிய நிலத்தின் கடைசிச் சென்ட் வரை வேலி போட்டவருடையது.

இதில் மைத்துனரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சில டிவிகள் யாரும் கேட்காமலே இழுத்துக்கொள்கின்றன. ‘ஆட்டோ’ என்று ஒரு நிலை உண்டு. அதன் புத்திசாலித்தனம் பட்டையைக் கண்டதும் படத்தை இழுப்பதோடு முடிகிறது. அசைவுகளை வழவழப்பாக்கும் இன்னொரு நிலையும் சேர்ந்துகொண்டால், 1972இன் ரத்தக்காட்டேரி மாலை நேர சீரியல் மாமியார் போல நடந்து வருகிறது. இரண்டையும் அணைக்க மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டும். அணைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து, பழையபடி வைத்திருப்பார்கள்.

வட்டு வெளியிடும் நிறுவனங்களுக்குள்ளும் இந்தச் சண்டை நடக்கிறது. டிவியில் சதுரமாக வந்த சில படங்கள் வெளிநாட்டுத் தியேட்டர்களில் மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டப்பட்டன. எது சரியான வடிவம்? இரண்டு வடிவத்தையும் ஒரே வட்டில் போட்டுத் தப்பித்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அப்படிப் போடாவிட்டால் சேகரிப்பாளர்களிடமிருந்து வரும் கடிதங்கள் 74 நிமிடத்தில் படித்து முடியாத நீளம்.

வட்டின் கூடுதல் அம்சங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வரலாற்று ஆய்வாளர் ஒருவர் படம் முழுக்கப் பேசும் ஒலித்தடம் பெரும்பாலும் இருக்கும். பின்னணியில் டாக்சி ஓட்டியவர் வேறு எந்தெந்தத் தொடர்களில் டாக்சி ஓட்டினார் என்பது அதில் தெரியவரும். இதை விரும்பிக் கேட்பவர்களை வீட்டில் தனியாக விடுவது நல்லது.

கடைசியாக ரீஜன் கோடு. சாதாரண ப்ளூ-ரே வட்டுகளுக்கு உலகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கா ‘ஏ’, பிரிட்டன் ‘பி’, இந்தியா ‘சி’. இப்படங்களில் பெரும்பாலானவை ‘ஏ’யில் மட்டுமே விற்பனைக்கு வருகின்றன. எனவே சென்னையில் வாங்கிய ப்ளேயரில் பூட்டுள்ள அமெரிக்க வட்டைப் போட்டால், இந்தப் பகுதிக்கு உரியதல்ல என்ற அறிவிப்பு வரும். அதுவும் திரை முழுக்க, பட்டை இல்லாமல். 4கே வட்டுகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. 2023இல் வந்த ‘டூயல்’ 4கே வட்டு இங்கேயும் ஓடும். 74 நிமிட டிவி வடிவமும், ஐரோப்பியத் தியேட்டர்களுக்காக ரயில்வே கேட், பள்ளிப் பேருந்து என்று புதுக் காட்சிகள் எடுத்துச் சேர்த்து 90 நிமிடமாக்கிய அகல வடிவமும் அதில் இருக்கின்றன. தியேட்டர் வடிவம் திரையை ஏறக்குறைய நிரப்பிவிடும்; மேலும் கீழும் நூலளவு பட்டை நிற்கும். அதையும் கேட்பார்கள்.