நிழலைத் துரத்தாதீர்!

? ஸ்டூடியோ விளக்கு இரண்டு வாங்கினேன். கறுப்பு வெள்ளையில் யாரை எடுத்தாலும் ரேஷன் கார்டு முகமாகவே வருகிறதே?
– வாசகர், கொடைரோடு

! இரண்டையும் இருபுறமும் சமமாக நிறுத்தியிருப்பீர்கள். நிழலுக்கு வேலையே இல்லை! ஒன்றை அணையுங்கள். மற்றதைப் பக்கவாட்டில் 45 டிகிரியில், தலைக்கு மேலே தூக்கி வையுங்கள். மறுபக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம் விழுகிறதா? அதுதான் ரெம்பிராண்ட் லைட்டிங். நிழல் ரொம்பக் கறுத்தால் எதிரே வெள்ளைத் தெர்மாகோல் பிடியுங்கள். மூன்றாவது விளக்கு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்!

1954-ல் வந்த ‘அந்த நாள்’ பாருங்கள். எஸ்.பாலசந்தர் இயக்கம், மாருதி ராவ் ஒளிப்பதிவு. அதில் சிவாஜியோடு நிழலும் நடித்திருக்கும்.

உட்கார ஆள் கிடைக்கவில்லையா? உங்கள் ஊர்த் திராட்சைக் கொத்தை வைத்துப் பழகுங்கள். அது கண் சிமிட்டாது; ‘கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க’ என்றும் கேட்காது.