சூரியகாந்தித் தலைவர்

நல்ல தலைவருக்குரிய குணங்களைக் கற்றுத்தர மேலாண்மைப் பயிற்சியாளர்கள் பணம் வாங்குகிறார்கள். வீண் செலவு. துர்க்மெனிஸ்தானின் முதல் அதிபர் சபர்முராத் நியாசோவைப் படித்தால் போதும்.

முதலில் தாய்ப்பாசம். 2002இல் மாதங்களுக்குப் புதுப்பெயர் சூட்டியவர், ஏப்ரலுக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தார். ஜனவரிக்குத் தன் பட்டப்பெயர். குளிர்மாதத்தை வேறு யார் தலையில் கட்டுவது?

அடுத்தது, தன் துன்பத்தைப் பிறர் துன்பமாகவும் கருதும் மனம். 1997இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் சிகரெட்டை விட்டார். அமைச்சர்களும் விட வேண்டியதாயிற்று.

கல்வியிலும் அக்கறை உண்டு. அவர் எழுதிய ‘ரூஹ்நாமா’ தெரிந்தால்தான் ஓட்டுநர் உரிமம். பிரேக் எங்கே என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

தலைநகர் அஷ்காபாத்தில் அவரது பொன்முலாம் சிலை சூரியனைப் பார்த்தபடியே சுழன்றது. சூரியன் வழி தவறாமலிருக்க யாராவது கண்காணிக்க வேண்டாமா?

2006இல் அவர் மறைந்தார். அடுத்து வந்த குர்பாங்குலி பெர்தைமுகமெதோவ் மாதங்களின் பழைய பெயர்களை மீட்டார். 2010இல் அந்தச் சிலையை நகரின் நடுவிலிருந்து அகற்றினார். நாட்டுக்கு அடக்கம் திரும்பியது.

2015இல் குதிரைமேல் அவருக்கே ஒரு பொன்சிலை எழுந்தது. 2020இல் நாய்க்கும் ஒன்று.

2022இல் பதவியையே துறந்தார். மகனுக்காக.