இரவல் பிரேக்கின் மகிமை

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் விற்பனையான டாட்சன் 240 இஸட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் உயிரெனப் போற்றும் பக்த சிரோமணிகள், புதுப் பிரேக்குக்கு முடிச்சவிழ்க்க மனமின்றி, பழைய வண்டிகளை உடைக்கும் கிடங்குகளைச் சுற்றி வந்து, மூட்டை சுமந்தே ஆயுளைக் கழித்த டொயோட்டா பிக்கப் ஒன்றின் நான்கு பிஸ்டன் காலிப்பர்களைக் கழற்றி, இடிக்கின்ற தூசித் தகட்டை வெட்டியெறிந்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டியதும் மிதிக்கட்டை ஆழமாக அமுங்குவதால், அதே டாட்சனின் பிற்கால வாரிசான 280 இஸட்எக்ஸ் காரின் 15/16 அங்குல மாஸ்டர் சிலிண்டர் அவசியமாகிறது. பிறகு ஹோஸ், பிறகு பேட், பிறகு பிரேக் ஆயில் என்று, சிக்கனமாகிய சுண்டைக்காய் கால் பணமாகவும் சுமைகூலி முக்கால் பணமாகவும் பரிணமிக்கிறது. இத்தனைக்கும், ஒரே மிதியில் வண்டி நிற்கும் தூரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது டயரின் பிடிமானமே என்ற சத்தியத்தை எடுத்துரைத்தால், "அதற்குத்தான் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பரம சாந்தமாக விடையளிப்பார்கள்.