அளக்க வந்தவர்

ஐந்தாண்டு பி.ஆர்க். படித்துத் தேறி, ஊராருக்கு வீடு கட்டித் தரும் உரிமையைச் சட்டப்படி பெற்ற பின்னும், கட்டடக்கலையின் பரம தத்துவம் தமக்கு இன்னும் சித்திக்கவில்லை என்று கருதி, மேலும் இரண்டாண்டு எம்.ஆர்க். படிக்கப் புகுந்திருக்கும் மும்பை மாட்டுங்காத் தமிழ் வாலிபரை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் கண்விழித்து மாடல் ஒட்டியதால் விரல் நுனிகளில் பசை காய்ந்திருக்க, வரைபடம் சுருட்டிய கறுப்புக் குழாய் முதுகில் அம்பறாத்தூணிபோல் தொங்க, சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவியை நோக்கி நடப்பவர் அவரே.

அவர் வசிப்பது 1930-களில் எழுந்த, வளைவான பால்கனிகள் வைத்த ஆர்ட் டெகோ கட்டடம். மெரைன் டிரைவில் அதன் பங்காளிகள் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டதால், இடம் போதாமல் அம்மா தம் பால்கனிக்குக் கண்ணாடி ஜன்னல் போட்டு அறையாக்கியதை மகாபாதகம் என்று அவர் நித்தமும் கண்டிக்கிறார். கண்டித்துவிட்டு, இரவில் அந்த அறையிலேயே படுத்துறங்குகிறார். ஆனால் அதே காரியத்தைத் தாராவியில் ஒருவர் தகரத்தாலும் பலகையாலும் செய்துவிட்டாலோ, அது ஜனங்களின் சிருஷ்டி மேதைமையாகி, அவருடைய ஆய்வேட்டில் தனி அத்தியாயமே பெற்றுவிடுகிறது.

தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்தில், திருநெல்வேலிப் பாட்டி ஒருத்தி இட்லித் துணியை உதறிக்கொண்டே அவரை வரவேற்கிறாள்.

“வாங்க தம்பி, ஜே.ஜே. காலேஜா, ஜுஹூ காலேஜா? தரை பத்தடிக்குப் பதினொண்ணரை, எழுதிக்கிடுங்க. வருசந்தோறும் பிள்ளைக வந்து அளந்து அளந்து எனக்கே மனப்பாடமாயிட்டு.”

லேசர் கருவியை அழுத்திப் பார்த்தால் அதுவும் பாட்டியின் கணக்கையே ஒப்புக்கொள்கிறது. பிறகு வாசலுக்கு வெளியே செங்குத்தாய் நிற்கும் இரும்பு ஏணியைக் காட்டி அவள் கேட்கிறாள்:

“தாராவிய இடிச்சுப் புதுசாக் கட்டுறப்ப, ரெண்டாயிரம் ஜனவரிக்கு முந்தின காயிதம் இருந்தா, கீழ இருக்கவங்களுக்கு 350 சதுர அடி இங்கயே உண்டுங்காவ. எம் மவன் மேல குடியிருக்கான். அவனுக்கும் தாராவிக்குள்ளயே குடுப்பாவளா?”

ஏணியின் சாய்வு, படிகளின் இடைவெளி, உச்சிவேளையில் அதன் நிழல் விழும் திசை ஆகிய யாவற்றையும் மூன்று வர்ணங்களில் வரைந்து முடித்திருந்த நம் வாலிபர், அந்த ஏணியில் ஏறி இறங்குகிறவனுடைய கதி தம் ஆய்வின் எல்லைக்குள் வராது என்பதை மிகுந்த விநயத்தோடு தெரிவித்துக்கொண்டார். பாட்டி கோபிக்கவில்லை, முன்னால் வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்களாம்.

ஆய்வேட்டை மதிப்பிட ஜூரியில் அமர்ந்த பெரியவர்கள் ஏணிப் படத்தின் முன் வெகுநேரம் நின்று சிலாகித்தார்கள். பட்டம் வந்தது. கட்டடக்கலைக் கல்லூரியில் நிரந்தரமாகப் பாடம் நடத்த எம்.ஆர்க். தேவை என்பதால் உபாத்தியாயர் உத்தியோகமும் பின்னாலேயே வந்தது. வருகிற ஜூனில் அவர் தம் சீடர்களுக்கு முதல் உபதேசமாகச் சொல்லப்போவது இதுதான்: “நேரே தாராவிக்குப் போங்கள். பாட்டியைக் கேட்டால் அளவெல்லாம் சொல்லிவிடுவாள். மேல்மாடியைப் பற்றி ஏதாவது கேட்டாளென்றால் மட்டும், அது அடுத்த செமஸ்டரில் வருகிறது என்று சொல்லிவையுங்கள்.”